சம்மந்திமார் எழும்பவில்லை

சீனிமுகம்மதுவின் வலது முழங்கால் இரண்டு வருடமாக அவர் சொற்கேட்பதில்லை. இடது முழங்கால் கொஞ்ச நாள் நல்ல பிள்ளையாக இருந்து பார்த்துவிட்டு, பிறகு அதுவும் வலதோடு சேர்ந்துகொண்டது. மருதமுனையில் சொந்தமாகத் தறி போட்டுச் சாரனும் சாரியும் நெய்கிற மனிதர். மீசை அரும்பிய நாளிலிருந்து தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதித்தே வாழ்ந்தவர். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டு தேய்ந்திருக்கிறது, தேய்ந்தது திரும்ப வளராது, வலியைக் குறைத்துக்கொண்டு வாழலாம் என்று தன்மையாகச் சொல்லிக் குளிசை கொடுத்தார். நிலத்தில் சம்மணமிட்டு இருக்கவும் வேண்டாம் என்றார். மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்ட சீனிமுகம்மதுவுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் சரிப்பட்டு வரவில்லை.

பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழுவதை அவர் சீக்கிரமே பழகிக்கொண்டார். அல்லாஹ் கதிரையை ஏற்றுக்கொள்வான். சஹன் ஏற்றுக்கொள்ளாது. கலியாண வீட்டுப் பந்தலில் பாய் விரித்து, ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி நாலைந்து பேர் தோளோடு தோள் உரச இருந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவதுதான் சஹன். அதில் இருக்க முடியாதவர்களுக்குப் பந்தலின் மூலையில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பல் போனவர்களும் காலில் கட்டுப் போட்டவர்களும் அங்கே ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பையோடு இருப்பார்கள். இரண்டு வருடமாகச் சீனிமுகம்மதுவுக்கும் அங்கேதான் இடம். அவருடைய கோப்பையில் யாரும் இறைச்சியைக் குறைத்து வைத்ததில்லை. ஆனால் நல்ல துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிவிட அங்கே ஆள் இல்லை, அவர் தள்ளிவிடவும் ஆள் இல்லை. அறுபது கூட ஆகாத மனிதருக்கு அது பெரிய மனக்குறை.

மகள் றிபாவுக்குக் கலியாணம் பேசி வந்தபோது அந்தக் குறை பெரிய பயமாக மாறியது. மாப்பிள்ளை ஸப்ரி, கல்முனை பஸாரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பையன். அவனுடைய வாப்பா நூஹு, சாய்ந்தமருதில் தோணியும் வலையும் உள்ளவர். அகன்ற நெஞ்சு, அலைச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய குரல். அவர் வீட்டுக்குள் கதைத்தால் அடுப்படியில் மூடி அதிரும். பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் சீனிமுகம்மது மெதுவாக, இப்போதெல்லாம் மண்டபங்களில் மேசை போட்டுத்தானே சாப்பாடு என்று ஆரம்பித்தார். அதற்குள் நூஹுவின் கண் கூடத்து மூலையில் சுருட்டி வைத்திருந்த பாய்களில் விழுந்துவிட்டது.

"மேசை கீசையெல்லாம் வேணாம் மச்சான்" என்றார் நூஹு. "பாய விரிச்சி, நீங்களும் நானும் ஒரு சஹன்."

வந்திருந்த எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். சீனிமுகம்மதுவும் அதுதான் சரி என்றார். வேறென்ன சொல்வார் பாவம்.

அவர்கள் போன பிறகு, உள்ளதைச் சொல்லிப் போனில் ஒரு கோல் எடுத்தால் முடிந்துபோகும் விஷயம் என்றாள் மனைவி சுல்பிகா. சுல்பிகாவுக்கு எல்லாமே ஒரு கோலில் முடிகிற விஷயம்தான். சீனிமுகம்மதுவுக்கு அது அப்படி இல்லை. இந்தக் கரையில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். மாமனுக்குக் கால் இல்லை என்று தெரிந்தால், எங்கள் பிள்ளை அங்கே குடும்பம் நடத்தப் போகிறானா, கிழவனைத் தூக்கி நிறுத்தப் போகிறானா என்று கேட்க மாட்டார்களா. கேட்டால் அதற்கு அவரிடம் என்ன பதில் இருக்கிறது. கலியாணத்தன்று சம்மந்தியோடு ஒரு சஹனில் ஒழுங்காக இருந்து எழும்பிவிட்டால் போதும், பிறகு கால் எக்கேடு கெட்டாலும் கெடட்டும் என்று அவர் முடிவு கட்டினார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கலியாணம். அதற்குள் முழங்காலை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

மருதமுனையில் மருந்துக்கு என்ன பஞ்சம். நோயாளியைப் போய் விசாரிப்பது நபிவழி, சுன்னத்து; விசாரிக்கப் போகிறவர் வைத்தியம் சொல்லாமல் திரும்பி வருவது ஊர் வழக்கத்தில் இல்லை. முதலில் வந்து நின்றவன் சுல்பிகாவின் தம்பி முனாஸ். எந்த நோய்க்கும் அவனுடைய போனில் ஒரு வீடியோ இருக்கும். மச்சானைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் ஹிஜாமா செய்வித்தான். முழங்காலைச் சுற்றிக் கிண்ணங்களை ஒட்டி, உறிஞ்சி, கொஞ்சம் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், நாலைந்து நாள் கால் இலேசாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சீனிமுகம்மது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கள் வைத்தியத்தை விட்டுவிட்டு ஒரு கிண்ணம் பேர் வாங்குவதா.

பக்கத்து வீட்டுச் சுபைறா எருக்கிலையைத் தணலில் வாட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். தறிக்கு நூல் கொண்டு வருகிறவர் கருஞ்சீரக எண்ணெய் தந்தார். தொழுகை முடிந்து கூட வந்த ஒருவர் இஞ்சியும் உள்ளியும் அரைத்துப் பற்றுப் போடச் சொன்னார். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத சீனிமுகம்மது, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தார். அன்று அவர் கட்டிலில் வந்து சாய்ந்தபோது, படுக்க வந்தது மனிதரா தாளித்த கறியா என்று சுல்பிகா கேட்டாள். விடிந்து பார்த்தால் முழங்கால் தோல் பொங்கிப் போயிருந்தது. எந்த மருந்தின் வேலை இது என்று சொல்ல முடியாததால் யாரையும் ஏசவும் முடியவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதல் எரிச்சல்.

சுல்பிகா வாசலை அடைத்துவிட்டாள். இனி ஒருவர் மருந்துதான், அதுவும் தெரிந்த ஒருவர் மருந்து என்று கட்டளை போட்டு, வீரமுனையில் இருக்கும் அழகரெத்தினம் பரியாரியாரிடம் போகச் சொன்னாள். முறிவுக்கும் வாதத்துக்கும் அந்தப் பக்கமெல்லாம் அவரைத்தான் சொல்வார்கள்.

வீரமுனைக்குப் போகிற வழியில்தான் சாய்ந்தமருது கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ கல்முனையைத் தாண்டியதும் சீனிமுகம்மது மழைக்கு மறைக்கிற பக்கத்துப் படங்கை இறக்கிவிட்டார். சம்மந்தி ஊரைத் தாண்டும்வரை தலையைக் குனிந்து, ஏதோ களவெடுத்தவர் போலப் போனார். காரைதீவுச் சந்தியில் திரும்பி, வயல் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் படங்கைத் தூக்கினார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

பரியாரியார் வீட்டு முற்றத்தில் வாங்குப் பலகைகள் நிறைய ஆட்கள். சவளக்கடை வயல்காரர், அம்பாறையிலிருந்து வந்த சிங்களக் குடும்பம், முக்காடு போட்ட இரண்டு பெண்கள், எல்லோரும் ஒருவர் நோயை ஒருவர் விசாரித்துக்கொண்டு இருந்தார்கள். அழகரெத்தினம் முழங்காலைத் தொடுவதற்கு முன் அவரைப் படலையில் இருந்து நடந்து வரச் சொல்லிப் பார்த்தார். தறியில் எந்தக் காலால் அதிகம் மிதிப்பது என்று கேட்டார். பிறகு கட்டைவிரலால் மூட்டைச் சுற்றி அழுத்தி, கத்த வேண்டிய இடத்தில் சரியாகக் கத்த வைத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, அவர் சொன்னது சரிதான் என்றார். குளிசையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். பரியாரியாருடைய வேட்டிக்குக் கீழே ஒரு முழங்காலில் பார்மசியில் விற்கிற இழுபடும் துணிப்பட்டி சுற்றியிருந்ததைச் சீனிமுகம்மது கவனித்தார். நம்பிக்கை குறைவதற்குப் பதிலாக ஏனோ கூடியது.

"தம்பி, இத முழுக்க மாத்திப்போடுவன் எண்டு சொன்னா நான் பொய்யன்" என்றார் பரியாரியார். "வலியோட சண்டை புடிக்காம காலந்தள்ளுறதுக்கு வழி செய்வன். அவ்வளவுதான்."

நொச்சியும் ஆமணக்கும் பாவட்டையும் நறுக்கி, எண்ணெயில் வதக்கி, துணியில் கிழியாக முடிந்து, சூடு பொறுக்கும் அளவில் காலையும் மாலையும் ஒத்தடம். பிறகு அவர் காய்ச்சிய எண்ணெயை மேலிருந்து கீழாக மட்டும் தடவ வேண்டும். தறியில் தொடர்ந்து இருக்காமல் இடையிடையே எழும்பி நடக்க வேண்டும். இவ்வளவும் லேசான காரியம். பத்தியம்தான் கொலை. மாட்டிறைச்சி கூடாது, கத்தரிக்காய் கூடாது, புளி கூடாது, கடல் மீன் வாயில் வைக்கவே கூடாது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனிதரிடம் கடல் மீன் கூடாது என்றால் அவர் எங்கே போவார்.

கிளம்பும்போது சீனிமுகம்மது குரலைத் தாழ்த்தி, ஒரு கலியாணத்தில் கொஞ்ச நேரம் நிலத்தில் இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டார்.

"இருக்கலாம் தம்பி. இருக்கிறது லேசு. எழும்புறதுக்கு என்னட்ட மருந்தில்ல."

சொல்லிவிட்டுப் பரியாரியார் தனக்குள் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு சீனிமுகம்மதுவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆனால் மருந்து கேட்டது. முழுக்க இல்லை, பரியாரியார் சொன்ன அளவுக்கு. முன்பெல்லாம் வலி காலையில் அவருக்கு முன்னே விழித்து, அவர் படுத்த பிறகும் விழித்திருக்கும். இப்போது அதற்கும் ஓய்வு நேரம் வந்தது. சுல்பிகா கிழியைச் சட்டியில் வைத்து எடுக்கும்போது எழுகிற இலை வாசத்தில் பாதி வலி போய்விடுகிறது என்று அவரே சொன்னார். தறியில் பழையபடி சத்தம் கேட்டது. படுத்ததும் தூங்கினார், தூக்கத்தில் குறட்டையும் விட்டார். அதைச் சுல்பிகா மருந்தின் பக்கவிளைவு என்றாள்.

சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. சம்மந்தி மீன் அனுப்பத் தொடங்கினார். ஒரு நாள் பாரை, ஒரு நாள் அறுக்குளா, ஒரு நாள் கையளவு இறால், இன்னொரு நாள் கணவாய். ஸப்ரியே பைக்கில் கொண்டுவந்து படலையில் கொடுத்துவிட்டுப் போவான். இவ்வளவு பாசமான சம்மந்தி யாருக்குக் கிடைப்பார் என்று தெருவே வியந்தது. வீடு முழுவதும் பொரித்த மீன் மணக்க, சீனிமுகம்மது முருங்கையிலைச் சுண்டலையும் குளத்து விராலையும் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். மீன் எப்படி இருந்தது என்று நூஹு போனில் கேட்கும்போதெல்லாம், வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது மச்சான் என்று சொல்ல வேண்டியிருந்தது. பொய் சொன்ன பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக இஸ்திக்ஃபார் ஓதினார். றிபா மீன் முள்ளைச் சூப்பிக்கொண்டு, வாப்பாவுக்கு வேணுமென்றால் மணத்தை ஒரு போத்தலில் அடைத்து வைக்கிறேன் என்று கேலி செய்தாள்.

கலியாண நாளும் வந்தது. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து பந்தல் மேடையில் இருத்தினார்கள். சீனிமுகம்மது காலையில் கிழி ஒத்தி, எண்ணெய் தடவி, டாக்டர் கொடுத்த குளிசையையும் போட்டு, அதற்கு மேல் அத்தரும் பூசித் தயாராக நின்றார். நூஹு அத்தரில் குளித்துவிட்டே வந்திருந்தார் போல. அவர் பந்தலுக்குள் நுழையும் முன்பே வாசனை நுழைந்துவிட்டது.

முதல் சஹனில் அவர்கள் இருவரும், முனாஸும், பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்கார் ஒருவரும். சீனிமுகம்மது முனாஸின் தோளைப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு காலை மடித்தார். வலித்தது. மற்றக் காலை மடித்தார். நன்றாகவே வலித்தது. ஆனால் இருந்துவிட்டார். தட்டைச் சுற்றித் தோளோடு தோள் உரசியபோது, சூடான சோற்றில் நாலு பேருடைய விரல்களோடு தன் விரலும் போனபோது, அவர் முதல் பிடியை உருட்டி உருட்டிக் கையிலேயே வைத்திருந்தார். இரண்டு வருடமாக அவர் ஏங்கியது இதற்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகு கொஞ்சம் கூடிவிட்டது என்றார்.

மாட்டிறைச்சியில் நல்ல துண்டாக ஒன்றைப் பிய்த்துச் சம்மந்தி பக்கம் வைத்தார். நூஹு, நீங்கள் சாப்பிடுங்கள் மச்சான் என்று அதைத் திருப்பி இவர் பக்கம் தள்ளினார். பத்தியம் நினைவுக்கு வர, விருந்தாளி நீங்கள்தானே என்று இவர் மறுபடி தள்ளினார். கத்தரிக்காய்ப் பிரட்டலும் அப்படியே போய் அப்படியே திரும்பி வந்தது. இறைச்சித் துண்டு அந்தத் தட்டில் இங்கும் அங்கும் பயணம் போய்க்கொண்டே இருந்தது. மரைக்கார் இந்த மரியாதையைப் பார்த்து மனமுருகினார். முனாஸுக்கு உருகுவதற்கு நேரமில்லை. இரண்டு பக்கத்திலும் கேட்பாரற்றுக் கிடந்ததையெல்லாம் அவன்தான் ஒதுக்கினான்.

மரைக்கார் சாப்பிட்டு முடித்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழும்பினார். முனாஸுக்குப் போன் வர அவனும் எழும்பி ஓடினான். சுற்றியிருந்த சஹன்களில் எல்லோரும் எழும்பிக் கை கழுவினார்கள். பாயில் மிஞ்சியது சம்மந்திமார் இருவரும்தான்.

சஹனில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடைசியாக மிஞ்சும் இருவரில் ஒருவர் எழும்பினால் மற்றவர் அரைப் பசியில் எழும்ப வேண்டி வரும். அதனால் வயிறு நிறைந்தவரும் கூட இருப்பவர் முடிக்கும்வரை சும்மா விரலால் சோற்றை அளைந்துகொண்டிருப்பார். சீனிமுகம்மது அளைந்தார். விருந்தாளி எழும்பட்டும், அவர் அந்தப் பக்கம் திரும்பிப் போன பிறகு முனாஸைக் கூப்பிட்டு எழும்பலாம் என்பது அவருடைய கணக்கு. நூஹுவும் அளைந்தார். அவர் ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தால் இவரும் ஒரு பருக்கையை எடுத்து வைத்தார். முழங்கால் இரண்டும் உள்ளே நெருப்பாக எரிந்தன. முகத்தில் சிரிப்பை மட்டும் கீழே விழாமல் பார்த்துக்கொண்டார்.

அடுத்த பந்திக்கு ஆட்கள் பந்தல் வாசலில் நின்றார்கள். சம்மந்திமார் இன்னும் எழும்பவில்லை என்ற செய்தி சமையல் கொட்டிலுக்குப் போனது. சமையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் கையால் ஆக்கியதை இப்படி விடாமல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து எத்தனை காலம் என்று சொல்லி, இன்னொரு சஹனை மலை போலக் குவித்து, மேலே கோழிப் பொரியலும் வைத்து அனுப்பினார். அதைக் கொண்டுவந்து பழைய தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, நல்லாச் சாப்பிடுங்க என்று சொல்லிப் போனார்கள்.

புதிய சஹனிலிருந்து ஆவி பறந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சீனிமுகம்மதுவுக்கு ஒன்று விளங்கியது. இனி இந்தக் காலை மறைத்து வைக்க முடியாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் மாப்பிள்ளையே இந்த வீட்டில் இருந்து பார்க்கத்தான் போகிறான். இவ்வளவு நாளும் படங்குக்குள் ஒளிந்ததும், மீனுக்குப் பொய் சொன்னதும் போதும் என்று அவருக்குத் தோன்றியது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னார்.

"மச்சான், என்ட முழங்கால் ரெண்டும் ஏலாது. நிலத்தில இருந்தா எழுப்ப ஆள் வேணும். மாப்பிள்ளைட தலையில இது விழுந்திரும் எண்டு நீங்க நெனச்சிடுவீங்க எண்டுதான் ஒளிச்ச."

நூஹு சோற்றிலிருந்து கையை எடுத்தார். அவருடைய நெற்றியிலும் வியர்வை கோர்த்திருந்ததை இவர் அப்போதுதான் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் சோத்த அளைஞ்சது பசியிலயா" என்றார் நூஹு.

அவருக்கு இடுப்பு. வலை இழுத்து இழுத்து, தோணி தள்ளித் தள்ளி, நிலத்தில் இருந்தால் பூட்டுப் போட்டதுபோல் இறுகிவிடும். பார்ப்பது வீரமுனைப் பரியாரியாரிடம், புதன்கிழமைகளில். பத்தியம் அதே பத்தியம். பிடித்த மீனை வீட்டில் சமைத்தால் மணத்துக்கே மனம் கெட்டுவிடும் என்று பயந்துதான் வாரா வாரம் மருதமுனைக்கு அனுப்பி வைத்திருக்கிறார். பாய்? கூடத்தில் பாய் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்து, பெண் வீட்டார் மேசை என்பது வாய்ப்பேச்சுக்குத்தான், பாயில்தான் வைக்க ஆசைப்படுகிறார்கள், மேசைக்கு ஒத்துக்கொண்டால் குறையாக நினைப்பார்கள் என்று தானே முந்திக்கொண்டாராம். அது சுல்பிகா வெயிலில் காயவைத்துச் சுருட்டி வைத்த பாய் என்று சீனிமுகம்மது சொன்னதும், நூஹு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்தாலும் நிறுத்த முடியவில்லை. இவருக்கும் அதே கதைதான்.

மேடையிலிருந்த ஸப்ரி இந்தச் சிரிப்பைப் பார்த்தான். ஒருவர் இடுப்பையும் மற்றவர் முழங்காலையும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த உடனேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாலையைக் கழற்றித் தோழன் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தான். முதலில் மாமனாரிடம் வந்து குந்தினான். சீனிமுகம்மது கூச்சத்தோடு கையை நீட்டினார்.

"கையத் தராதீங்க மாமா. இழுத்தா தோளும் நோகும். என்ட கழுத்தில போடுங்க."

முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்து, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரே எழுப்பில் எழுப்பிவிட்டான். இத்தனை நாள் முனாஸ் எழுப்பியபோதெல்லாம் உயிர் போய் வந்திருக்கிறது. இவன் எழுப்பியது நோகவே இல்லை. பட்டு உடுப்புக் கசங்கியதையும் பார்க்காமல் அடுத்து வாப்பாவிடம் போய், அவருக்கு வேறு விதமாக, இடுப்பைச் சுற்றிப் பிடித்து எழுப்பினான். பிறகு புதிய சஹனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மூலை மேசையின் நடுவில் வைத்தான். அங்கே ஆளுக்கொரு கோப்பையோடு இருந்த பெரியவர்கள் முதலில் திகைத்துப் போனார்கள். அப்புறம் கோப்பைகளைத் தள்ளிவிட்டுக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்தார்கள்.

கதிரையில் அமர்ந்ததும் சீனிமுகம்மது, இந்த வித்தையைப் பிள்ளை எங்கே படித்தான் என்று கேட்டார்.

"ஸுபஹுத் தொழுகைக்கு என்ன எழுப்பிறது இவன்தான் மச்சான், ஒவ்வொரு நாளும்" என்றார் நூஹு. அலையை மீறிக் கத்துகிற அந்தக் குரல் சட்டென்று இறங்கிப் போயிருந்தது. "நாளைக்கு இவன் இஞ்ச இருப்பான்."

வருகிற மாப்பிள்ளைக்குத் தான் சுமையாகிவிடுவோமோ என்று மாதக்கணக்கில் கவலைப்பட்ட சீனிமுகம்மது, அவன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாரா. அவனை அனுப்பிவிட்டு ஒரு மனிதர் நாளை விடியற்காலையில் கட்டிலில் எப்படி எழும்புவார் என்று யோசித்தாரா. ஊர் வழக்கம்தானே என்று இருந்துவிட்டார். அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. தட்டிலிருந்து ஒரு கோழித் துண்டை எடுத்து நூஹுவின் பக்கம் வைத்தார்.

"மச்சான், நான் ஒங்கட மகன முழுசா எடுக்கல்ல. பைக்குல எவ்வளவு தூரம். ஸுபஹுக்கு அவன் ஒங்கட ஆள். என்ட கால் கிழி ஒத்தினாத்தான் அசையும், அது வரைக்கும் எனக்கு ஆரும் தேவல்ல. ஞாயித்துக்கிழம நானும் நீங்களும் ஒரே ஆட்டோவில பரியாரியாரிட்டப் போவம்."

நூஹு கோழித் துண்டை இந்த முறை திருப்பித் தள்ளவில்லை. அதை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை இவர் பக்கம் வைத்துவிட்டு, மற்றப் பாதியைக் கண் கலங்கச் சாப்பிட்டார். மிளகைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸப்ரி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த சுல்பிகா, திரையை விலக்கிக்கொண்டு வந்து மேசை அருகில் நின்றாள்.

"மகள் கேக்கிறா" என்றாள் அவள். "ரெண்டு வாப்பாமாரும் மாப்பிள்ளையப் பங்கு போட்டு முடிஞ்சா, மிச்சத்த அவக்கு அனுப்பட்டாம்."

மாப்பிள்ளையை உடனே அனுப்பி வைத்தார்கள். சம்மந்திமார் இருவரும் சாப்பிட்டு முடிக்க இன்னும் நிறைய நேரம் ஆனது.